வாரம் ஒரு மாலை: சேவைச் சங்கங்கள் நம் ஊருக்கு வந்த கதை

1978-ஆம் ஆண்டு. நான் கல்கத்தாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் தெருவில் இருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், இஞ்சினியர், கும்பகோணத்துக்காரர், ஒரு வியாழக்கிழமை என்னிடம், "சாயங்காலம் சும்மாத்தானே இருப்பே? எங்க கிளப் மீட்டிங்குக்கு வாயேன். சாப்பாடும் உண்டு" என்றார். நான் போனது சாப்பாட்டுக்காகத்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஏழரை மணிக்குக் கூட்டம். நாங்கள் ஏழு இருபதுக்கே போய்விட்டோம். வாசலில் ஒரு மரப் பலகையில் பெயர் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொருவரும் தன் அட்டையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். கூட்டம் முடியும்வரை எடுபடாத அட்டைதான் அன்று வராதவரின் அட்டை. ஏழரைக்கு ஒரு சிறிய பித்தளை மணியைத் தலைவர் அடித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர் கழுத்தில் ஒரு பட்டை. அதில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு முன்னாள் தலைவரின் பெயர். நம்ம ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு செயலாளர் அறிவிப்புகளைப் படித்தார். அந்த வாரம் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமண நாள் என்று சொன்னார். அட்டை குத்த மறந்தவருக்கு ஒரு ரூபாய் அபராதம். அதை வசூலிக்க ஒரு ஆள், அவருக்கு 'சார்ஜென்ட்' என்று பட்டம்! அப்புறம் ஒரு டாக்டர் இருபது நிமிஷம் பேசினார். கேள்விகள், நன்றியுரை, மறுபடி மணி, சாப்பாடு. ஒன்பது மணிக்கு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பெரியவரிடம் கேட்டேன்: "இதுல என்ன சார் சேவை இருக்கு? மணி அடிச்சாங்க, சாப்பிட்டாங்க, போயிட்டாங்க."

அவர் சிரித்தார். "நாலு வாரம் வந்து பாரு" என்றார்.

நாலு வாரம் அல்ல, நாற்பது வருஷத்துக்கும் மேல் பார்த்துவிட்டேன், பெரும்பாலும் விருந்தாளியாகவும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவனாகவும்தான். அந்த மணியும் அட்டையும் எங்கிருந்து வந்தன, நம் நாட்டில் என்ன செய்தன, வெளிமாநிலத்தில் சங்கம் நடத்துகிற நமக்கு அவற்றில் என்ன பாடம் உண்டு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தனிமையில் பிறந்த சங்கம்

சேவைச் சங்கம் என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தொடக்கம் அப்படியல்ல. ஊரை விட்டு ஊர் வந்த ஒரு மனிதனின் தனிமையில்தான் அது தொடங்கியது.

பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1868-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாத்தா பாட்டியிடம் விடப்பட்டு, வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 1896-ல் பிழைப்புக்காகச் சிகாகோ வந்தார். வேலை நாட்கள் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் அவரைப் படுத்தியது. லட்சக்கணக்கான ஜனங்கள் நடுவே பேச ஒரு ஆள் இல்லை. இதை வெளியூரில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு மதியம் மெஸ்ஸில் சாப்பாடு முடிந்து, சாயங்காலம் வரை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

1905 பிப்ரவரி 23-ஆம் தேதி மாலை, சிகாகோவில் யூனிட்டி பில்டிங் என்ற கட்டடத்தில் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்க இஞ்சினியர் கஸ்டாவஸ் லோர், தையல் வியாபாரி ஹைரம் ஷோரி. அந்த அறை லோரின் அலுவலகம். அடுத்த கூட்டம் இன்னொருவர் அலுவலகத்தில், அதற்கடுத்தது வேறொருவர் இடத்தில் என்று மாறி மாறிக் கூடியதால் சுழல்வது என்ற பொருளில் 'ரோட்டரி' என்று பெயர் வைத்தார்கள். சக்கரச் சின்னமும் பின்னால் வந்தது.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று விதி வைத்தார்கள். ஒரு டாக்டர், ஒரு அச்சகக்காரர், ஒரு வங்கிக்காரர், ஒரு கடைக்காரர். ஒரே தொழிலில் போட்டி போடுகிறவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் சிநேகம் வளராது என்பது கணக்கு. ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் கூட்டத்தில் எல்லாரையும் சேர்ந்து பாட வைத்தார். கூட்டம் சலிக்கும்போது பாட்டு. நம் பஜனை மடத்துக்காரர்களுக்குத் தெரிந்த உத்திதான்!

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது சேவைச் சங்கம் அல்ல. ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்கிற சங்கம். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று கணக்கு எழுத ஒரு பொறுப்பாளரே இருந்தார். 1906-ல் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரை உறுப்பினராகச் சேர அழைத்தபோது, தங்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத சங்கம் நெடுநாள் நிற்காது என்று அவர் எடுத்துச் சொன்னார். ஹாரிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அதை ஏற்று அவரையே சேர்த்துக்கொண்டார்.

முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? கழிப்பறை. சிகாகோவில் கடைத்தெருவுக்கு வருகிற ஜனங்களுக்குப் பொதுக் கழிப்பறை இல்லை. 1907-ல் ரோட்டரிக்காரர்கள் நகராட்சியிடம் போராடத் தொடங்கினார்கள். எதிர்த்தவர்கள் யார்? மதுக்கடைக்காரர்களும் பெரிய ஜவுளிக்கடைக்காரர்களும். 'எங்கள் கடையில்தான் கழிப்பறை இருக்கிறதே' என்றார்கள். கழிப்பறைக்கு வருகிறவன் ஏதாவது வாங்காமல் போகமாட்டான் அல்லவா! கடைசியில் நகர மண்டபத்தருகே கழிப்பறை வந்தது. உலகப் புகழ் பெற்ற ஒரு சேவை இயக்கம் கழிப்பறையில் தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கல்கத்தாவுக்கு வந்த சக்கரம்

1910-ல் கனடாவின் வினிபெக், 1911-ல் டப்ளின், லண்டன் என்று சங்கம் பரவியது. 1919-ல் மணிலாவிலும் ஷாங்காயிலும் கால் வைத்தது. அதே 1919 செப்டம்பரில் கல்கத்தாவில் ஒரு குழு கூடியது. 1920 ஜனவரி 1-ஆம் தேதி அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் அதுதான்.

அன்றைய கல்கத்தாவில் கிளப் என்றால் என்ன பொருள் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1827-ல் தொடங்கிய பெங்கால் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது. மார்ட்டின் கம்பெனியை வளர்த்த சர் ராஜேந்திரநாத் முகர்ஜி போன்ற பெரிய தொழிலதிபருக்கே அங்கே விருந்துண்ணக் கதவு திறக்கவில்லை. அந்த அவமானத்திலிருந்துதான் 1907-ல் இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்காரக் கல்கத்தா கிளப் பிறந்தது என்பது இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. சென்னையில் இந்தியர்களுக்கென்று காஸ்மாபாலிடன் கிளப் 1873-லேயே வந்துவிட்டது. பம்பாயில் வில்லிங்டன் கிளப் பின்னால் வந்தது. கிளப் என்றால் கதவு. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதே அதன் வேலை.

கல்கத்தா ரோட்டரியிலும் தொடக்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள்தான். ஆனால் அதன் விதி தொழிலைக் கேட்டது, தோலின் நிறத்தைக் கேட்கவில்லை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்றால் ஊரில் அந்தத் தொழிலில் சிறந்தவர் இந்தியராக இருக்கும்போது என்ன செய்வது? மெல்ல மெல்ல மேஜை நிறம் மாறியது. அதே கல்கத்தா சங்கத்திலிருந்து நிதிஷ் லாஹரி 1962-63-ல் ரோட்டரியின் உலகத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர்தான். அவருக்குப் பின் 1991-92-ல் சண்டிகரின் ராஜேந்திர சாபு, 2011-12-ல் குஜராத்தின் வாபியிலிருந்து கல்யாண் பானர்ஜி, 2021-22-ல் மறுபடி கல்கத்தாவிலிருந்து சேகர் மேத்தா.

தென்னாட்டுக்கு வந்த கதை சுவையானது. கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1928-ல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். இரண்டரை வருஷத்துக்கு மேல் ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம் தொடங்கி பம்பாய், சென்னை, கொழும்பு, ரங்கூன், மலேயா, சிங்கப்பூர், பாங்காக் வரை போய் ஊர் ஊராகப் பெரிய மனிதர்களைப் பார்த்துச் சங்கம் அமைத்தார். சென்னைச் சங்கமும் பம்பாய்ச் சங்கமும் கொழும்புச் சங்கமும் 1929-ல் பிறந்தவை. அந்தப் பட்டியலைப் பாருங்கள். கொழும்பு, ரங்கூன், கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர். தமிழன் பிழைக்கப் போன கப்பல் வழியேதான் இந்தச் சக்கரமும் உருண்டிருக்கிறது.

இன்னொரு பெரிய இயக்கமான லயன்ஸ் சங்கமும் சிகாகோவில்தான் பிறந்தது. மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வெறும் வியாபாரக் கூட்டம் போதாது என்று 1917 ஜூன் 7-ல் பல ஊர்ச் சங்கங்களை ஒன்றுசேர்த்தார். 1925-ல் அவர்களின் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு பேச்சு அந்த இயக்கத்தின் போக்கையே மாற்றியது. இந்தியாவில் முதல் லயன்ஸ் சங்கம் 1956-ல் பம்பாயில் தொடங்கியது.

கண் முகாமும் சாம்பார் சாதமும்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சங்கங்கள் மாவட்டத் தலைநகர்களுக்கும் தாலுகா ஊர்களுக்கும் பரவின. பெரிய நகரங்களில் ஹோட்டலில் மதிய உணவுக் கூட்டம் என்பது வழக்கம். சிற்றூரில் அது நடக்காது. கடைக்காரர் மதியம் கல்லாவை விட்டு வரமாட்டார், டாக்டர் கிளினிக்கை விட்டு வரமாட்டார். ஆகவே கூட்டம் மாலைக்கு மாறியது. ஹோட்டல் போய்ப் பள்ளிக்கூட ஹாலும் கல்யாண மண்டபமும் வந்தன. கேக் போய் போண்டா வந்தது.

அந்த மாலைக் கூட்டங்களில் என்ன முடிவு செய்தார்கள்? பெரும்பாலும் கண் முகாம். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துக் கிழவி கண்புரைக்காக மதுரைக்கு வரமாட்டாள். பஸ் செலவு, கூட வர ஆள், பயம். ஆகவே மருத்துவமனை கிராமத்துக்குப் போனது. ஆனால் டாக்டருக்கு அந்தக் கிராமம் தெரியாது. தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

வேலையைப் பங்கு பிரித்தார்கள். லயன்ஸ், ரோட்டரி போன்ற உள்ளூர்ச் சங்கத்தின் பங்கு, இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, மேஜை நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. மருத்துவமனையின் பங்கு, டாக்டர்கள், கருவிகள், அறுவை சிகிச்சை. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சுகளை ஒதுக்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். கிருமித் தொற்று அபாயம் இருந்ததால், பிறகு முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, புரை உள்ளவர்களை பஸ்ஸில் மருத்துவமனைக்கே அழைத்துப்போய், அறுவை முடித்து ஊரில் கொண்டுவந்து விடும் முறை வந்தது. மாலைக் கூட்டத்தில் போண்டா தின்றுகொண்டே "நோட்டீஸ் செலவு நான் பாத்துக்கறேன்", "சாம்பார் சாதம் என் பொறுப்பு" என்று சொன்ன கடைக்காரர்கள் இல்லாமல் அந்த வெளிச்சம் கிராமத்துக்குப் போயிருக்காது.

ஒரே வேலையை இருபது வருஷம் பிடித்த கதை

நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் போலியோவில் கிடைத்தது.

எங்கள் தலைமுறை ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழந்தையாவது காலை இழுத்து நடந்ததைப் பார்த்தது. 1980-களில் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கினார்கள் என்பது மதிப்பீடு. ரோட்டரி 1979-ல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1985-ல் 'போலியோ பிளஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதும் இதைச் செய்வோம் என்று அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள். 1988-க்குள் அதன் இரண்டு பங்குக்கு மேல் சேர்ந்தது. அந்த 1988-ல்தான் உலக நாடுகள் கூடிப் போலியோவை ஒழிப்பதென்று தீர்மானித்தன.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையான பங்கு உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிர் அறிஞர் டாக்டர் ஜேக்கப் ஜான், மேல்நாட்டில் மூன்று தவணை போதுமான சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு அவ்வளவு பலன் தருவதில்லை என்பதைத் தம் ஆய்வுகளில் காட்டினார். கூடுதல் தவணை வேண்டும், அதையும் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கொடுத்தால் வைரஸுக்குத் தங்க இடமிருக்காது என்பது அவர் வாதம். 1980-களில் உள்ளூர் ரோட்டரிக்காரர்கள் துணையோடு வேலூரில் அதைச் செய்தும் காட்டினார்கள். பின்னால் நாடு முழுவதும் 'பல்ஸ் போலியோ' என்று நாம் அறிந்த முறை இதுதான்.

1994 அக்டோபர் 2-ல் டெல்லியில் டாக்டர் ஹர்ஷ் வர்தன் சுகாதார அமைச்சராக இருந்தபோது பெரிய அளவில் தொடங்கியது. 1995 டிசம்பரில் நாடு தழுவியதாகியது. பிறகு ஆண்டுதோறும், சில மாநிலங்களில் ஆண்டுக்குப் பல முறை. ஒரு சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். ஞாயிற்றுக்கிழமை பூத். திங்கள் முதல் வீடு வீடாக. மருந்து போட்ட குழந்தையின் இடக்கைச் சுண்டு விரலில் மை. எல்லாக் குழந்தைக்கும் போட்டாகிவிட்ட வீட்டின் கதவில் சாக்பீஸால் 'பி', யாராவது விடுபட்டிருந்தால் 'எக்ஸ்'. ஹௌரா மாதிரி ரயில் நிலையங்களில் வண்டியிலிருந்து இறங்குகிற குழந்தைகளையும் விடவில்லை.

இந்த வேலையின் பெரும்பாரத்தைத் தூக்கியவர்கள் அங்கன்வாடிப் பெண்களும் நர்சுகளும்தான். வெயிலில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அதைச் சொல்லாமல் சங்கங்களைப் புகழ்வது நியாயமல்ல. சங்கக்காரர்கள் செய்தது வேறு. பூத்துக்கு மேஜை, பேனர், தொப்பி, பணியாளருக்குச் சாப்பாடு, வண்டி. உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்து பற்றி வதந்தி கிளம்பி வீடுகள் கதவை அடைத்தபோது, முஸ்லிம் உலமாக்களை அழைத்துப் பேசி ஒரு குழுவாக அமைத்து, அவர்கள் வாயாலேயே மக்களுக்குச் சொல்லவைத்தார்கள். பணத்தால் திறக்காத கதவு நம்பிக்கையால் திறந்தது.

இது ஒரு வருஷத்தில் முடிகிற வேலையல்ல. 2009-ல்கூட இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் நம் நாட்டில்தான். 'இது ஒழியாது' என்று சொன்னவர்கள் பலர். எங்கள் தெருப் பெரியவர் அப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் பூத் நாளில் காலை எட்டு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "சார், இன்னுமா?" என்றால், "இன்னும் குழந்தை பொறந்துகிட்டுத்தானேய்யா இருக்கு" என்பார். 2010-ல் புதிய வகை மருந்து வந்தது. எண்ணிக்கை 42-ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13-ல் நோய் கண்ட ஒரே ஒரு குழந்தை, நம் ஹௌரா மாவட்டத்தில். அதுதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதி போலியோவிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது.

அன்றைக்குத்தான் அந்தப் பித்தளை மணியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஒருநாள் உற்சாகத்தில் நல்லது செய்கிறவர்கள் ஏராளம். அலுப்புத் தட்டினாலும் வியாழன்தோறும் வந்து உட்காருகிறவர்கள்தான் இருபது வருஷ வேலையை முடிப்பார்கள்.

குறையும் உண்டு

புகழ்ந்துகொண்டே போனால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரு பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். சேவைக்குச் செலவானதைவிட விருந்துக்குச் செலவானது அதிகமாகிப்போன கூட்டங்களும் உண்டு. அமெரிக்காவிலேயே சின்க்ளேர் லூயிஸ் 1922-ல் எழுதிய 'பாபிட்' நாவல், இப்படிப்பட்ட வியாபாரி கிளப்புகளின் தற்பெருமையைக் கிழித்துப் போட்டது.

பெரிய குறை பெண்கள் விஷயம். உறுப்பினரின் மனைவிக்கு 'ஆன்' என்று பெயர், பிள்ளைகளுக்கு 'ஆனெட்'. 1914-ல் ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரயிலில் ஆன் என்ற பெயருடைய ஒரு உறுப்பினரின் மனைவியை வேடிக்கையாக அழைத்தது ஒட்டிக்கொண்டதாம். பெண்கள் தங்களுக்கென்று 1924-ல் மான்செஸ்டரில் 'இன்னர் வீல்' தொடங்கினார்கள். முழு உறுப்பினராக அல்ல. கலிபோர்னியாவில் டுவார்டே என்ற ஊர்ச் சங்கம் 1977-ல் பெண்களைச் சேர்த்ததற்காக அங்கீகாரத்தையே இழந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 1989-ல்தான் ரோட்டரி தன் விதியையே மாற்றிக்கொண்டது. லயன்ஸ் 1987-லேயே மாற்றிவிட்டது. கதவைத் திறப்பதற்காகப் பிறந்த சங்கமும் ஒரு கதவை இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தது என்பதை மறக்கக்கூடாது.

நமக்கு என்ன?

நமக்குச் சேவை புதிதல்ல. காசிக்குப் போகிறவர்களுக்கு நகரத்தார் சத்திரம் சோறு போட்டது. தண்ணீர்ப்பந்தல் நம் வழக்கம். வெளியூர் வந்த தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் 1923-ல் 'மதராசி எஜுகேஷன் அசோசியேஷன்' என்று பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதுவே இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். பம்பாயில் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1946-ல் டெல்லித் தமிழ்ச் சங்கம். கூட்டம் கூடுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல.

குறைந்த இடம் வேறு. அதைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி.

எங்கள் பெரியவரின் மனைவி காலமானபின் அவர் தனியாகத்தான் இருந்தார். மகன் வெளிநாட்டில். ஒரு வாரம் கிளப் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பலகையில் அவர் அட்டை மட்டும் தொங்கியது. கூட்டம் முடிந்ததும் செயலாளர், வங்காளி, நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பெரியவர் குளியலறையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இது எப்போது தெரிந்தது? பதினோரு நாள் கழித்து. அதுவும் பொங்கல் விழா நன்கொடைக்காக அவருக்குப் போன் செய்தபோது. இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டு செயற்குழுவில் நானும் இருந்தேன். அவர் வீட்டிலிருந்து என் வீடு நாலாவது கட்டடம்.

பழைய ரோட்டரியில் தொடர்ந்து நாலு கூட்டம் வராதவர் பெயர் நீக்கப்படும் என்ற விதி இருந்தது. இளம் வயதில் அது எனக்குக் கண்டிப்பாகத் தோன்றியது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நீ வரவில்லை என்பதை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். ஊரை விட்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய சேவை என்ன?

2016-ல் ரோட்டரியே மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று விதியைத் தளர்த்தியது. 2020-ல் கொரோனா வந்து கூட்டங்கள் கம்ப்யூட்டர் திரைக்குப் போயின. காலம் மாறுகிறது, மாறட்டும். ஆனால் அந்தப் பழைய மாலைக் கூட்டத்திலிருந்து மூன்று பழக்கங்களை நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, தலைவர் ஒரு வருஷம்தான். ஜூலை 1-ஆம் தேதி வந்தால் பட்டை அடுத்தவர் கழுத்துக்குப் போகும். எவ்வளவு திறமைசாலியானாலும் சரி. பட்டையில் ஒரு தகடு கூடும், அவ்வளவுதான். ஒரே நாற்காலியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து, அந்த நாற்காலியோடு சங்கமும் கிழமாகிப்போவதை நாம் பார்க்கவில்லையா?

இரண்டு, பல வேலையைத் தொட்டு விடாமல் ஒரே வேலையைப் பிடித்துக்கொள்வது. ஆண்டு விழா, பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்கட்டும். அதோடு பத்து வருஷம் விடாமல் செய்கிற ஒரு காரியமும் இருக்கட்டும்.

மூன்று, அந்த அட்டைப் பலகை. நம் ஊரில் இப்போது புது டவுன் பக்கம், ஐந்தாம் செக்டார் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பட்டிமன்றம் வேண்டாமாக இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களுக்கும் வரும். சிகாகோவில் ஹாரிஸுக்கு வந்தது, லேக் மார்க்கெட் மெஸ்ஸில் எனக்கு வந்தது. அப்போது ஒருவர் என்னிடம் "சும்மாத்தானே இருப்பே, வாயேன்" என்று சொன்னார். அவர் சொல்லாமலிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

சென்ற மாதம் எங்கள் செயற்குழுவில் இதைப் பேசினோம். ஒரு தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்தாகிவிட்டது. நாற்பத்திரண்டு ஆணி. பெயர் அட்டைகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் மாலை ஆறரை மணிக்கு. ஆறரை என்றால் ஆறரை. தொங்குகிற அட்டைக்குரியவர் வீட்டுக்கு அன்றிரவே ஒருவர் போவார் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் மாதம் அந்தப் பொறுப்பு என்னுடையது.